சாண்டிகேட்: எதிரணி பிறந்த மேடு
புல்தரை வரலாறு – 7

ஒரு கால்பந்துக் கிளப்புக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அவை எல்லாமே 1858 முடிவதற்குள் ஷெஃபீல்டு கிளப்பிடம் சேர்ந்துவிட்டன. நத்தேனியல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்ற இரண்டு நண்பர்கள் 1857 அக்டோபர் 24 அன்று அதைத் தொடங்கியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். உறுப்பினர்கள் இருந்தார்கள், சந்தா வந்தது, கூடிப் பேசத் தோட்டத்துக் கொட்டகை ஒன்று கிடைத்தது. எழுதிய விதிகளும் இருந்தன. ஆடுவதற்கு எதிரணிதான் இல்லை.

ஊரில் வேறு கால்பந்துக் கிளப்பே கிடையாது. அதனால் உறுப்பினர்கள் தங்களையே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒரு நாள், மணமானவர்களும் மணமாகாதவர்களுமாக இன்னொரு நாள், வக்கீல் மருத்துவர் ஒரு பக்கமும் வியாபாரிகள் மறு பக்கமுமாக வேறொரு நாள். மூன்று குளிர்காலம் இப்படியே ஓடியது. வென்றாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரே கொட்டகைக்குத்தான் திரும்ப வேண்டும். இதை உடற்பயிற்சி என்று சொல்லலாம், பொழுதுபோக்கு என்றும் சொல்லலாம். ஊர் திரண்டு வந்து பார்க்கும் போட்டியாக அது ஆகவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது, நகருக்கு மேற்கே மேட்டில் இருந்த ஹாலம் என்ற கிராமம். இந்த வாரக் கதை அந்தக் கிராமத்தின் கிளப்பையும் அது ஆடிய சாண்டிகேட் மைதானத்தையும் பற்றியது. விதி எழுதியவர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவர்களுக்கு எதிரே வந்து நின்றவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் ஓரிரு பத்திகளே கிடைக்கின்றன. கால்பந்து ஒரு விளையாட்டாக நிலைத்ததில் ஹாலத்துக்கு உள்ள பங்கு ஷெஃபீல்டு கிளப்பின் பங்குக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஷெஃபீல்டு எஃகு நகரம். கத்தி, கத்தரி, அரம் எல்லாம் அங்கிருந்து உலகெங்கும் போயின. ஹென்றி பெஸ்ஸமர் தன் புதிய எஃகு முறைக்கான ஆலையை 1858இல் அங்கேதான் நிறுவினார். ஆலைகள் கிழக்கே பெருகப் பெருக, புகையும் அந்தப் பக்கமே கவிந்தது. மேற்கே நிலம் மேடேறி, காற்று சுத்தமாகிக்கொண்டே போகும். நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் ஏறினால் ஹாலம். ஒரு பக்கம் பண்ணைகளும் கல்வேலி போட்ட வயல்களும், மறுபக்கம் ரிவலின் பள்ளத்தாக்கு. அந்தச் சிற்றாற்றின் ஓட்டத்தில் சுழன்ற நீர்ச்சக்கரங்கள் கத்தி தீட்டும் சாணைக்கற்களைச் சுழற்றின. இன்று அந்தப் பகுதியின் பெயர் கிராஸ்பூல். நகரம் அதை விழுங்கி வெகுகாலம் ஆகிறது. 1860இல் நகரத்துக்காரர்களுக்கு அது நாட்டுப்புறம்.

மைதானம் கிளப்பைவிட மூத்தது. ஹாலம் கிரிக்கெட் கிளப் சாண்டிகேட்டில் 1804 முதலே ஆடிவந்தது. நெப்போலியன் பேரரசனாக முடிசூடிக்கொண்ட அதே ஆண்டு. கோடையில் மட்டை பிடித்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருந்த அதே புல்தரையில்தான் கால்பந்து முளைத்தது. பிரிட்டனின் பழைய கால்பந்துக் கிளப்புகள் பலவற்றின் வேர் இப்படிக் கிரிக்கெட்டில்தான் இருக்கிறது. புதன்கிழமைகளில் ஆடிய கிரிக்கெட் கிளப் ஒன்றே 1867இல் கால்பந்துக்கு வந்து, இன்று ஷெஃபீல்டு வென்ஸ்டே என்ற பெயரில் விளங்குகிறது.

ஹாலம் கால்பந்துக் கிளப்பைத் தொடங்கியவர்கள் ஜான் சார்லஸ் ஷா, தாமஸ் விக்கர்ஸ் என்ற இருவர். ஆண்டு 1860, மாதம் செப்டம்பர். ஷாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் 1830இல் பிறந்தவர். ஊர் பெனிஸ்டன், ஷெஃபீல்டுக்கு வடமேற்கே மலையோரச் சிறுநகரம். அந்த வட்டாரத்தில் தர்ல்ஸ்டன், ஹோம்ஃபர்த் போன்ற ஊர்கள் 1840களிலேயே ஒன்றுக்கொன்று சவால் விட்டு, பணம் கட்டிக் கால்பந்து ஆடிய செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. நெடுங்காலமாக நமக்குச் சொல்லப்பட்ட வரலாறு வேறு. ஈட்டன், ஹாரோ போன்ற மேட்டுக்குடிப் பள்ளிகளில் பிறந்த ஆட்டம் அங்கிருந்து கீழே இறங்கி உழைக்கும் மக்களிடம் வந்தது என்று அது சொல்லும். அந்தப் பள்ளிகளின் பங்கை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஷா போன்ற ஒருவர் கிளப் தொடங்கும்போது, அவர் கால்களில் பெனிஸ்டன் வட்டாரத்து ஊராட்டத்தின் பழக்கமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று நம்புவதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஷா ஷெஃபீல்டு கிளப்பிலும் ஆடியவர். அங்கே விதிகளைக் கற்றுக்கொண்டு வந்து, இங்கே எதிரணியைக் கட்டினார்.

1860 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சாண்டிகேட் மேடெங்கும் பனி கிடந்தது. ஷெஃபீல்டு அணி சிவப்பும் வெள்ளையுமான தன் வழக்கமான உடையில் மேலேறி வந்தது. வெண்பனிக்கு நடுவே அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரிந்ததையும், கிராமத்து அணியில் பெரும்பாலோர் நீல உடையில் வந்ததையும் ஷெஃபீல்டு டெய்லி டெலிகிராஃப் நிருபர் தவறாமல் குறித்திருக்கிறார். ஹாலம் அணியில் பக்கத்து ஸ்டம்பர்லோ ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக்குப் பதினொருவர் என்ற கணக்கெல்லாம் அப்போது கிடையாது. ஷெஃபீல்டுக்காரர்கள் தலைக்கணக்கில் குறைவாக இருந்தும் இரண்டு கோல் போட்டார்கள். ஹாலத்தால் ஒன்றும் முடியவில்லை. இருட்டும் வரை ஆட்டம் நடந்தது, கடைசி வரை நல்லெண்ணமும் குறையவில்லை. டிசம்பர் 28 இதழில் வந்த அந்தச் செய்திதான் உலகின் முதல் கிளப் போட்டிக்கு நம்மிடம் உள்ள சாட்சி.

இன்று இரண்டு கிளப்புகள் மோதாத நாளே உலகில் இல்லை. அவற்றின் வரிசையை முதல் ஆட்டம் வரை பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால், பனி படிந்த அந்தச் சரிவில்தான் வந்து நிற்போம். லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடுவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் மீதி இருந்தன.

அவர்கள் ஆடிய ஆட்டம் இன்றைய கண்ணுக்குப் பாதி பழக்கம், பாதி விசித்திரம். ஷெஃபீல்டு விதிகளின்படி எதிராளியின் காலை உதைத்து வீழ்த்துவது கூடாது, தட்டிவிடுவதும் கூடாது. உடலால் மோதலாம், கையால் தள்ளலாம். உதைபட்டு வரும் பந்து தரையைத் தொடுமுன் கையில் பிடித்தால் தடையில்லா உதை கிடைக்கும். ஆஃப்சைடு என்ற பேச்சே தொடக்கத்தில் இல்லை, யாரும் எங்கும் நிற்கலாம். கோல் கம்பங்களுக்கு இடையே நான்கு கெஜந்தான் அகலம். இன்றைய கோல் எட்டு கெஜம். பாதி அகலத்தில் கோல் விழுவது அரிது. அந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்டுபிடித்த ரூஜ் என்ற ஏற்பாட்டைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஹாலத்தின் பெரிய வெற்றிக்கு அதுதான் காரணம். கோலின் இரண்டு பக்கமும் நான்கு கெஜம் தள்ளி ஒவ்வொரு கொடி நட்டார்கள். கோலுக்கு உள்ளே போகாமல் கொடிக்குள் போன பந்தைத் தாக்கும் அணியினர் முதலில் தொட்டுவிட்டால் ஒரு ரூஜ். கோல்கள் சமமானால் ரூஜ் அதிகம் எடுத்தவர்கள் வென்றவர்கள்.

முதல் ஆட்டத்தின் நல்லெண்ணம் இரண்டு வருடம் தாங்கியது.

1862 டிசம்பர் 29. இம்முறை களம் பிராமல் லேன். ஷெஃபீல்டு நகருக்குள் 1855இல் கிரிக்கெட்டுக்கென்று திறந்த மைதானம் அது. அங்கே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் இதுவே. ஆட்டத்துக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று, பக்கத்து லங்காஷயர் மாவட்டத்தின் நூற்பாலைகள் மூடிக்கிடந்தன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் இருந்தன. அதே தட்டுப்பாட்டில்தான் நம் நாட்டுப் பருத்திக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். லங்காஷயர் நிவாரண நிதிக்குப் பணம் திரட்டவே ஷெஃபீல்டும் ஹாலமும் அன்று மோதின.

பந்துக்கான இழுபறியில் ஷெஃபீல்டு நிறுவனர் கிரெஸ்விக்கை ஹாலம் தரப்பில் ஷாவும் வாட்டர்ஃபால் என்ற ஆட்டக்காரரும் நெருக்கினார்கள். வாட்டர்ஃபால் கிரெஸ்விக்கைப் பிடித்துக்கொண்டார். திமிறியதில் கிரெஸ்விக்கின் கை அவர்மேல் பட்டது. அது தற்செயல் என்று ஒரு தரப்பு சொன்னது. வாட்டர்ஃபால் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பாய்ந்து பல தடவை அடித்தார், வெயிஸ்ட்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நின்றார். கிரெஸ்விக் திருப்பி அடிக்கவில்லை என்று பத்திரிகை எழுதியது. பார்வையாளர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். பெரியவர்கள் சிலர் இரு தரப்பையும் விலக்கி, வாட்டர்ஃபாலுக்குத் தண்டனையாகக் கோல் காக்கும் வேலையைக் கொடுத்து அனுப்பினார்கள். கோல்காப்பாளர் என்ற பதவி அன்று தண்டனையாக இருந்திருக்கிறது! ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

செய்தி வெளியானதும் ஹாலம் தரப்பு சும்மா இருக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, முதலில் அடித்தது யார் என்பதில் தங்கள் கட்சியைச் சொன்னது. எனக்குச் சண்டையைவிட இந்தக் கடிதம் முக்கியமாகப் படுகிறது. தன் ஆள்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு கிராமம் பொதுவெளியில் வாதாடுகிறது என்றால், அந்த அணி ஊரின் மானமாக ஆகிவிட்டது என்று பொருள். மணமானவர்களும் மணமாகாதவர்களும் ஆடிய ஆட்டத்துக்காக யாராவது இப்படிக் கடிதம் எழுதியிருப்பார்களா?

ஐந்து ஆண்டுகளில் ஷெஃபீல்டும் சுற்றுப்புறமும் கிளப்புகளால் நிறைந்துவிட்டன. 1867இல் பன்னிரண்டு அணிகள் சேர்ந்து ஒரு கோப்பைக்காக ஆடின. கோப்பை கொடுத்தவர் தாமஸ் யூடன், நாடகக் கொட்டகை முதலாளி. வெறும் கையோடு ஷெஃபீல்டுக்கு வந்து, உழைத்து, மதுக்கடை வைத்து, அதை இசையரங்கமாக வளர்த்தவர். அவருடைய சர்ரி அரங்கம் 1865இல் தீக்கிரையானது. மனிதர் தளரவில்லை, அலெக்சாண்ட்ரா என்ற இன்னொரு அரங்கத்தை நடத்தினார். மக்களைக் கூட்டமாக ஓரிடத்துக்கு வரவைப்பது எப்படி என்று தெரிந்த அவர் கண்ணில் கால்பந்து பட்டது தற்செயலாக இருக்க முடியாது.

இறுதியாட்டம் பிராமல் லேனில் மார்ச் 5 அன்று நடந்தது. அன்று தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய். இங்கிலாந்தின் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தெருத்தெருவாகப் பந்து உருட்டிய பண்டிகை நாள் அது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வந்தார்கள். ஹாலமும் நார்ஃபோக் என்ற அணியும் மோதின. இரு தரப்பும் கோல் போடவில்லை. ஹாலம் இரண்டு ரூஜ் எடுத்தது, நார்ஃபோக்குக்கு ஒன்றுமில்லை. உலகின் முதல் கால்பந்துக் கோப்பை மேட்டுக்காட்டுக் கிராமத்துக்குப் போனது. லண்டன் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை தொடங்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அடுத்த வருடமே ரூஜ் விதியை ஷெஃபீல்டு கைவிட்டுவிட்டது. ஆகவே ரூஜால் யூடன் கோப்பையை வென்ற ஒரே அணி ஹாலம். அந்தக் கோப்பைக்காக மறுபடி யாரும் ஆடவும் இல்லை.

ஹாலத்தின் உச்சம் அதுதான். அதற்குப் பிறகு கதையில் பணம் நுழைகிறது.

1870களில் ஷெஃபீல்டின் செல்லப்பிள்ளை பில்லி மோஸ்ஃபோர்த். தொழிலால் உலோகத்தில் எழுத்து வெட்டுபவர், களத்தில் இடது ஓரத்தில் ஆடுபவர். ஆள் குள்ளம், பந்தை வளைத்து அடிப்பதில் சூரர். இங்கிலாந்துக்காக 9 முறை ஆடியவர். அன்றைய வழக்கப்படி ஒரே பருவத்தில் பல கிளப்புகளுக்கு ஆடுவார், அதில் ஹாலமும் ஒன்று, வென்ஸ்டேயும் ஒன்று. இந்த இரண்டு அணிகளும் மோத வேண்டிய ஒரு நாளைப் பற்றி ஷெஃபீல்டில் வழிவழியாக ஒரு கதை உண்டு. மோஸ்ஃபோர்த் ஹாலத்தின் நீலச் சட்டையோடு களமிறங்கிவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு வென்ஸ்டே ரசிகர், சட்டையை மாற்றினால் பத்து ஷில்லிங்கும் ஒரு வாரம் இலவசக் குடியும் என்று கத்தினார். மோஸ்ஃபோர்த் உள்ளே போய் வென்ஸ்டே சட்டையில் திரும்பி வந்தார். சொல்பவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்கு அந்த இடத்தில் ஹாலம் ஆட்டக்காரர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் வருகிறது. நகரத்தின் பெரிய கிளப்புகள் கூட்டத்தைத் திரட்டிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கிவிட்டன. மேட்டிலிருந்த கிராமத்தால் அந்தப் பத்து ஷில்லிங்கைக் கொடுக்க முடியாது.

சம்பள ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று லண்டன் சங்கம் 1885இல் ஒப்புக்கொண்டது. ஷெஃபீல்டு கிளப்புகளின் சங்கத்துப் பெரியவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்து என்ன? 1887இல் வென்ஸ்டே சம்பளக் கிளப் ஆனது. 1889இல் பிராமல் லேன் மைதானத்துக்காரர்கள் ஷெஃபீல்டு யுனைட்டெட் என்று சொந்தமாகவே ஓர் அணியைத் தொடங்கினார்கள். அந்தக் கொந்தளிப்பான நாட்களில் ஹாலம் கிளப் கலைந்தே போனது. சிறிது காலத்தில் மறுபடி கூடியது, அமெச்சூர்களாகவே கூடியது. ஆட்டத்துக்குக் காசு வாங்காதவர்களுக்கென்று ஒரு தனிக் கோப்பை வேண்டும் என்ற யோசனை பின்னர் ஷெஃபீல்டு கிளப்பிடமிருந்தே எழுந்தது. 1893இல் எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை தொடங்கியது.

அடுத்த அரை நூற்றாண்டை விரைவாகக் கடந்துவிடலாம். உள்ளூர் லீகுகள், சிறு கோப்பைகள், வெற்றி தோல்விகள். ஒன்றை மட்டும் விட முடியாது. 1930களில் நிலம் சம்பந்தமான தகராறில் கால்பந்து அணி சாண்டிகேட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. சொந்த ஊரில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கள் ஆடிய தரையில் கால்வைக்க முடியாமல் இருந்த அந்த வருடங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று உலகமே பழமைக்காகக் கொண்டாடும் மைதானம் அது. அன்று அதன் பழமை யாருக்கும் பொருட்டாக இல்லை.

திரும்பிய பின் 1950களில் கிளப் யார்க்ஷயர் லீகில் சேர்ந்தது. 1959இல் அமெச்சூர் கோப்பையின் மூன்றாம் சுற்றுக்கு வந்தது. எதிரே லண்டனிலிருந்து ஹெண்டன். அந்தக் கோப்பையைப் பின்னாளில் மூன்று முறை வென்ற வலுவான அணி. சாண்டிகேட்டில் அன்று 2,000 பேர் கூடினார்கள். மைதானத்தின் சாதனைக் கூட்டமாக அது பதிவானது. 1974இல் அமெச்சூர், சம்பளக்காரர் என்ற பிரிவையே சங்கம் எடுத்துவிட, அமெச்சூர் கோப்பையும் அத்தோடு முடிந்தது. 1982இல் யார்க்ஷயர் லீக் இன்னொரு லீகோடு இணைந்து வடக்கு மாவட்டங்கள் கிழக்கு லீக் உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஹாலமும் இருந்தது.

இனி மைதானம். கின்னஸ் பதிவின்படி உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் சாண்டிகேட்தான். அங்கே போகிறவர்கள் முதலில் கவனிப்பது சரிவை. தரை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணுக்குத் தெரியும்படி இறங்குகிறது. நாணயம் சுண்டி வென்ற தலைவர் காற்றோடு சேர்த்துச் சரிவையும் கணக்கில் எடுத்துத்தான் எந்தப் பக்கம் ஆடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பாதியில் பந்து தானாக உருண்டு எல்லையைத் தாண்டும், மறு பாதியில் மேடேறி ஓடி மூச்சு வாங்கும். புதியவர்கள் திணறுவார்கள். உள்ளூர்க்காரர்கள் எந்த இடத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று கால் அறிந்து ஆடுவார்கள். கிரிக்கெட் தரையும் கால்பந்துத் தரையும் இன்றும் ஒட்டியே கிடக்கின்றன. கோடையில் வெள்ளை உடைக்காரர்கள், குளிர்காலத்தில் நீலச் சட்டைக்காரர்கள். அமர்ந்து பார்க்க ஒரே ஒரு சிறிய கூரைமேடை, இருநூற்றைம்பது பேர் உட்காரலாம். சாலைக்கு அந்தப் பக்கம் பழைய பிளவ் விடுதி. அந்தக் காலத்தில் மைதானத்தின் நல்லது கெட்டது எல்லாம் அந்த விடுதியைச் சுற்றியே நடந்தன.

மைதானத்தை இத்தனை காலம் காப்பாற்றியது எது? நகரத்தின் நடுவில் இருந்திருந்தால் எப்போதோ அதன்மேல் ஆலையோ வீடுகளோ எழும்பியிருக்கும். மேட்டிலும் ஒதுக்குப்புறத்திலும் இருந்தது முதல் பாதுகாப்பு. கிரிக்கெட்டும் கால்பந்தும் பகிர்ந்துகொண்டதால் வருடம் முழுக்க யாராவது அங்கே ஆடிக்கொண்டே இருந்தது இரண்டாவது. பெரும்பணம் எட்டிப்பார்க்காதது மூன்றாவது. கிளப் வளர்ந்து நாற்பதாயிரம் பேரை அழைக்கும் நிலை வந்திருந்தால், அந்தச் சரிவு சமப்படுத்தப்பட்டிருக்கும், அல்லது மைதானமே வேறிடம் போயிருக்கும். வென்ஸ்டேக்கு அதுதான் நடந்தது. இடம் மாறி மாறி, 1899இல்தான் இன்றைய ஹில்ஸ்பரோவில் நிலைகொண்டது.

ஷெஃபீல்டு கிளப்பின் நிலைமை இன்னும் சுவையானது. உலகின் மூத்த கால்பந்துக் கிளப் என்ற பெருமை அதற்கு உண்டு. 2004இல் ஃபிஃபா விருது கொடுத்துக் கௌரவித்தது. 2007இல் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கு இண்டர் மிலான் அணி பிராமல் லேனுக்கு வந்து ஆடியது, பெலே விருந்தினராக வந்திருந்தார். அப்படிப்பட்ட கிளப்புக்குச் சொந்தமாக ஒரு மைதானம் 2001 வரை இல்லை. அதுவும் கிடைத்தது மாவட்ட எல்லையைத் தாண்டி, டெர்பிஷயரின் டிரான்ஃபீல்டில். 2011இல் தன் ஆதி விதிகளின் கையெழுத்துப் பிரதியையும் பழைய ஆவணங்களையும் லண்டனில் ஏலம் விட்டது, 8,81,250 பவுண்டுக்குப் போயிற்று. கிளப்பை நடத்தப் பணம் தேவைப்பட்டது, குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கிரெஸ்விக் கைபட்ட தாளை விற்றவர்களின் வலி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஹாலம் போன வழி இதற்கு நேர் எதிர். யூடன் கோப்பை பல பத்தாண்டுகள் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தது. 1997இல் ஸ்காட்லாந்தின் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கையில் இருப்பது தெரியவந்தது. கிளப் 2,000 பவுண்டு கொடுத்து அதை மீட்டது. நுழைவுக் கட்டணத்திலும் தேநீர்க் கடை வருமானத்திலும் காலம் தள்ளும் அடித்தட்டு லீக் கிளப்புக்கு அது சிறிய தொகையா? பிற்பாடு பிபிசியின் பழம்பொருள் நிகழ்ச்சியில் மதிப்பீட்டாளர்கள் அதற்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சொன்னார்கள். ஹாலம் விற்கவில்லை.

2022இல் ஹாலம் தன் லீகின் மேல் பிரிவுக்கு உயர்ந்தது. ஷெஃபீல்டும் ஹாலமும் மோதும் ஆட்டத்துக்கு விதிகளின் டெர்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தம்தான். ஆனால் 1860இல் விதி ஷெஃபீல்டிடம் இருந்தது, டெர்பியைக் கொண்டுவந்தது ஹாலம்.

அடுத்த அத்தியாயத்தில் ஷெஃபீல்டு ஆட்டக்காரர்களோடு லண்டனுக்குப் போகிறோம். 1866 மார்ச் 31, பேட்டர்சீ பூங்கா. வடக்கின் விதிகளும் தெற்கின் விதிகளும் நேருக்கு நேர் சந்தித்த நாள்.

(தொடரும்)